கோ, கம், கெட்: இங்கிலீஷ் வினைக்கு வால் முளைத்த கதை

போன வருஷம் நடந்தது. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய ஒரு ரிலீஸ். திங்கட்கிழமை சாயங்காலம் கால்-ல அமெரிக்க கிளையன்ட் 'வி ஆர் மூவிங் இட் அப் பை டூ டேஸ்'னு சொன்னார். எங்க டீமில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பெண்தான் அன்னைக்கு மினிட்ஸ் எழுதினார். "ரிலீஸ் இரண்டு வேலை நாள் தள்ளிப் போகிறது, அடுத்த செவ்வாய்." டீமுக்குள் மட்டும் போகிற மெயில் அது. நான் படித்துப் பார்த்து, சரின்னு சொல்லித்தான் அனுப்பினார். எனக்கும் அப்படித்தான் புரிந்திருந்தது. 'அப்'னா மேலே, மேலேன்னா கூடுதல், தேதி கூடுதுன்னு அர்த்தம். அவ்வளவுதானே?

புதன்கிழமை சாயங்காலம் கேள்வி வந்தது: பில்ட் எங்கே?

'மூவ் அப்' என்றால் முன்கூட்டியே வைப்பது. வெள்ளி புதனாகியிருந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து எப்படியோ சமாளித்தோம். அடுத்த வாரம் நடந்த ரிவ்யூவில் ஒருவர், "அந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷ் பத்தாது, கால்-ல உட்கார வைக்காதீங்க" என்றார். பக்கத்தில் இருந்த நான் வாயைத் திறக்கவில்லை. இருபது வருஷமா கால் பேசுகிற ஆளுக்கும் அப்படித்தான் புரிந்ததுன்னு ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த உறுத்தலில்தான் இந்த 'அப்' எங்கேயிருந்து வந்ததுன்னு தேட ஆரம்பித்தேன். தேடிக்கொண்டே போனதில் ஏறத்தாழ ஆயிரம் வருஷம் பின்னால் போக வேண்டியதாகிவிட்டது.

வால் என்று எதைச் சொல்கிறேன்

இங்கிலீஷில் நடமாட்டத்தைச் சொல்கிற சின்ன வினைகள் கொஞ்சம்தான். கோ, கம், கெட், புட், டேக், ரன், டர்ன். இவற்றின் பின்னால் இன், அவுட், அப், டவுன், ஆன், ஆஃப், பேக், ஓவர், அவே என்று ஒரு சொல் ஒட்டும். இலக்கணத்தில் ஃப்ரேஸல் வெர்ப் என்பார்கள். நான் இந்தக் கட்டுரை முழுக்க 'வால்' என்றே சொல்லப் போகிறேன்.

நேரான அர்த்தத்தில் வால் ஒரு திசை. 'கோ அவுட்' வெளியே போ. 'கம் இன்' உள்ளே வா. 'கெட் அப்' எழுந்திரு. இதுவரை பிரச்சினையே இல்லை. ஆனால் அதே 'கோ' விளக்கோடு சேர்ந்து 'கோ அவுட்' என்றால் அணைந்து போவது. அலாரத்தோடு சேர்ந்து 'கோ ஆஃப்' என்றால் அடிப்பது. பாலோடு சேர்ந்து 'கோ ஆஃப்' என்றால் கெட்டுப் போவது. அலாரம் 'ஆஃப்' ஆனால் சத்தம் நிற்கணும்னுதானே நமக்குத் தோன்றும்? நேர் எதிர்.

வால் முதலில் தலையில் இருந்தது

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இந்தத் திசைச் சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் வந்தன. 'வெளியே போ' என்பதற்கு 'ஊட் கான்'. ஊட் என்பது இன்றைய அவுட், கான் என்பது இன்றைய கோ. பின்னால் வருவதும் உண்டு, இடத்தைப் பொறுத்தது. ஜெர்மன் மொழியில் இந்த இரட்டை வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அகராதியில் 'வெளியே-போ' என்று ஒட்டி நிற்கும் வினை, சாதாரண வாக்கியத்தில் உடைந்து, 'வெளியே' மட்டும் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும்.

'ஊட் கான்' வரிசை நம்ம 'வெளியே போ' மாதிரியே இருக்கிறதே என்று சிலருக்குத் தோன்றலாம். உடனே உறவு கொண்டாடக் கிளம்ப வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் பல வாக்கியங்களில் வினை கடைசியில் வந்தது. வினை கடைசியில் வருகிற மொழிகளில் இப்படி அமைவது இயல்பு, அவ்வளவுதான்.

பிறகு இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, 'ஆ', 'பெ', 'ஃபோர்', 'கெ', 'டோ' போன்ற பழைய முன்னொட்டுகள் அழுத்தம் இல்லாமல் உச்சரிக்கப்பட்டு, தேய்ந்து, அர்த்தமும் மங்கிப் போயின. இரண்டு, வாக்கிய அமைப்பே மாறியது. வினை முன்னால் நகர்ந்து, செயப்படுபொருள் பின்னால் வருவது விதியானது. திசைச் சொல்லும் வினைக்குப் பின்னால் நிலைத்துவிட்டது. தலை வாலானது.

பழைய தலைகள் சில இன்னும் மிச்சம் இருக்கின்றன. 'ஓவர்கம்', 'அண்டர்கோ', 'வித்ஸ்டாண்ட்'. இந்தக் கடைசிச் சொல்லில் உள்ள 'வித்'துக்கு 'கூட' என்று அர்த்தம் இல்லை, 'எதிராக' என்று அர்த்தம். அந்தச் சொல்லின் பழைய பொருள் அதுதான். பெயர்ச்சொற்களில் தலைகள் இன்னும் நிறைய: இன்கம், அவுட்கம், டவுன்ஃபால், அவுட்பிரேக். எங்க தொழிலில் இன்புட், அவுட்புட், அப்லோட், டவுன்லோட் எல்லாமே தலை வைத்த சொற்கள்தான்.

ஒரே இரண்டு துண்டுகளைத் தலையாக ஒட்டினால் ஒரு அர்த்தம், வாலாக ஒட்டினால் வேற அர்த்தம். 'ஓவர்டேக்' என்றால் முந்துவது, 'டேக் ஓவர்' என்றால் பொறுப்பை எடுத்துக்கொள்வது. 'அண்டர்கோ' என்றால் ஒன்றுக்கு உள்ளாவது, ஒரு கம்பெனி 'கோ அண்டர்' ஆனால் மூழ்கிப் போச்சுன்னு அர்த்தம். இரண்டு வெவ்வேறு காலத்து அடுக்குகள் ஒரே மொழிக்குள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. பழைய கோட் பேஸில் யாரும் அழிக்கத் துணியாத ஃபங்ஷன்கள் கிடக்குமே, அந்த மாதிரி.

மடத்துத் துறவி எழுதிய வாக்கியம்

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தை நேரில் பார்க்க ஒரு ஆவணம் இருக்கிறது. கிழக்கு இங்கிலாந்தில் பீட்டர்பரோ என்ற ஊரில் ஒரு மடம். 1116-ல் அங்கே தீ விபத்து. அதற்குப் பிறகு, 1121 வாக்கில், அங்கிருந்த துறவிகள் ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பேட்டை வேறிடத்திலிருந்து வாங்கிப் புதிதாகப் பிரதி எடுத்தார்கள். பிரதி எடுத்ததோடு நிற்காமல் தொடர்ந்து எழுதியும் வந்தார்கள். 1132 முதல் 1154 வரையிலான கடைசிப் பகுதியை ஒருவர் மொத்தமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஆட்சி நார்மன்களுடையது, அரசவையில் பிரெஞ்சு, தேவாலயத்தில் லத்தீன். இவர் மட்டும் தன் ஊர்ப் பேச்சுக்குப் பக்கமான ஆங்கிலத்தில் எழுதினார். அதனால்தான் மொழி ஆய்வாளர்களுக்கு இது பொக்கிஷம்.

அதில் 1132-ஆம் வருஷக் குறிப்பு ஒரு மடாதிபதியைப் பற்றியது. பெயர் ஹென்றி, அரசர் முதலாம் ஹென்றியின் உறவினர். பிரான்சில் ஏற்கெனவே ஒரு மடம் கையில் இருந்தும், 1127-ல் பீட்டர்பரோவையும் வாங்கிக்கொண்டார். துறவிகளுக்கு அவர்மேல் அப்படி ஒரு கசப்பு. தேன்கூட்டில் உழைக்காமல் உட்கார்ந்து தின்கிற ஆண் தேனீயோடு ஒப்பிட்டே எழுதி வைத்தார்கள். கடைசியில் 1132-ல் அரசரே அவரை மடத்தைக் கைவிட்டு நாட்டை விட்டு வெளியேற வைத்தார்.

இந்தச் சேதியைச் சொல்கிற வாக்கியத்தில் இரண்டு வால்கள் இருக்கின்றன. கைவிடுவதற்கு 'கிவென் உப்', அதாவது இன்றைய 'கிவ் அப்'. வெளியேறுவதற்கு 'ஃபரென் ஊட்', பயணப்பட்டு வெளியே போவது. இரண்டிலும் திசைச் சொல் வினைக்குப் பின்னால். முதலாவதைக் கவனியுங்கள். மடத்தை யாரும் கையில் தூக்கி மேலே கொடுக்க முடியாது. 'அப்' இங்கே திசையை விட்டு நகர்ந்து, 'முழுசாக விட்டுவிடுவது' என்ற அர்த்தத்துக்கு வந்தாச்சு. 'கிவ் அப்' இந்தப் பொருளில் எழுத்தில் கிடைக்கும் ஆரம்பச் சான்றுகளில் இது ஒன்று. ஒரு வால் நேரான திசையைச் சொல்கிறது, இன்னொன்று உருவகமாகிவிட்டது, இரண்டும் ஒரே வாக்கியத்தில். அந்த ஃபரென் வினை பிறகு வழக்கொழிந்தது. பஸ் 'ஃபேர்', 'ஃபேர்வெல்' இரண்டிலும் அது பிழைத்துக் கிடக்கிறது.

கப்பலில் வந்த வினைகள்

பீட்டர்பரோ இருந்த கிழக்குப் பகுதி, வைக்கிங்குகள் குடியேறி ஆண்ட டேன்லா நிலப்பரப்பு. அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் திசைச் சொல்லை வினைக்குப் பின்னால் வைக்கும் பழக்கம் ஆழமாக இருந்தது. ஆங்கில வால்கள் பெருகியதற்கு நார்ஸ்தான் காரணம் என்று ஒரு தரப்பு. ஆங்கிலம் தானாகவே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, நார்ஸ் கொஞ்சம் தள்ளிவிட்டது என்று இன்னொரு தரப்பு. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஏன்னா நார்ஸ் கால் வைக்காத ஜெர்மன், டச்சு மொழிகளிலும் இந்த விதை இருக்கிறது. ஆனால் ஒன்று உறுதி. இன்று வால்களை அதிகமாகச் சுமக்கிற 'டேக்', 'கெட்' இரண்டுமே நார்ஸிலிருந்து வந்த வினைகள். 'கெட் அப்', 'கெட் இன்', 'டேக் ஆஃப்' என்று தினம் சொல்கிறவர்கள் பாதி வைக்கிங் பேச்சுதான் பேசுகிறார்கள்.

அடுத்து 1066. நார்மன் வெற்றிக்குப் பிறகு பிரெஞ்சு, லத்தீன் வினைகள் வந்து குவிந்தன. என்டர், ரிட்டர்ன், அரைவ், டிசெண்ட், அசெண்ட். இவற்றுக்கு வால் தேவையில்லை, திசை உள்ளேயே இருக்கிறது. உண்மையில் இவற்றில் பலவும் ஒரு காலத்தில் தலை ஒட்டிய சொற்கள்தான். 'எக்சிட்' என்ற லத்தீன் சொல்லைப் பிரித்தால் வெளியே + போகிறான். 'போஸ்ட்போன்' பிரித்தால் பின்னால் + வை. நம்ம 'தள்ளி வை'க்குச் சொந்தக்காரன் மாதிரி. லத்தீன்காரர்கள் செய்ததும் அதே வேலைதான், ஆனால் ஒட்டு காய்ந்து கெட்டியாகி, ஆங்கிலத்துக்கு வரும்போது ஒரே கட்டியாக வந்து சேர்ந்தது. 'அரைவ்' இன்னும் அழகு. அதன் லத்தீன் வேர் கரையைத் தொடுவது. நாம் 'கரை சேர்ந்தான்' என்கிறோமே, அதே படம்.

இதனால் ஆங்கிலத்தில் ஒவ்வொரு நடமாட்டத்துக்கும் இரண்டு சொல் ஆயிற்று. 'கோ இன்' வீட்டுக்கு, 'என்டர்' அலுவலகத்துக்கு. 'கோ டவுன்' பேச்சுக்கு, 'டிசெண்ட்' எழுத்துக்கு. நடுவில் பழைய சொற்கள் சில செத்தும் போயின. ஏறுவதற்கு 'ஸ்டீகன்' என்று ஒரு நல்ல வினை இருந்தது. இன்று குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் 'ஸ்டிரப்' போன்ற சொற்களில் ஒளிந்திருக்கிறது. ஏறும் கயிறு என்பது 'ஸ்டிரப்'பின் மூலப் பொருள்.

நம்ம ஊர் ஆபீஸ் மெயில்களில் 'ரிட்டர்ன் பேக்' என்று எழுதினால் திருத்துவார்கள். 'ரிட்டர்ன்'லயே 'பேக்' இருக்குன்னு காரணம் சொல்வார்கள். தர்க்கம் சரிதான். ஆனால் 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் லூக்கா 8:37-ல் 'ரிட்டர்ன்'னுக்குப் பின்னால் 'பேக்', 'அகெய்ன்' இரண்டுமே நிற்கின்றன. யோவான் 6:62-ல் 'அசெண்ட்'டுக்குப் பின்னால் 'அப்' நிற்கிறது. உள்ளூர் பழக்கமே வால் வைப்பது. அதனால் வால் தேவைப்படாத வெளியூர் வினைக்கும் அவர்களே வாலை ஒட்டிக்கொண்டார்கள். நாம் செய்கிற அதே தப்பை, அந்த மொழியின் பெரிய புத்தகமே செய்திருக்கிறது.

ஜான்சன் புலம்பியது

லண்டனில் சாமுவேல் ஜான்சன் 1755-ல் தன் அகராதியை வெளியிட்டார். முன்னுரையில் இந்த வால் வினைகளைத் தனியாக எடுத்துப் பேசுகிறார். வேறு எந்த மொழியையும்விட ஆங்கிலத்தில் இவை அதிகமாக இருக்கலாம் என்றும், வெளிநாட்டவருக்குப் பெரிய கஷ்டம் இவற்றால்தான் என்றும், அதனால் கவனமாகத் தொகுத்திருக்கிறேன் என்றும் சொல்கிறார். 'டேக்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் நூற்றுக்கு மேல் அர்த்தம் எண் போட்டுக் கொடுத்தார். இதைப் படித்தபோது எனக்கு ஒரு ஆறுதல். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே அகராதி எழுதியவர் ஒத்துக்கொண்டிருக்கிறார்: இது கஷ்டமான இடம்தான்.

விசித்திரம் என்னவென்றால், இவ்வளவு பெருகிய ஒன்றுக்கு நிலையான பெயர்கூட ரொம்ப நாள் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி 'ஃப்ரேஸல் வெர்ப்' என்ற பெயரைச் சொன்னதாக, லோகன் பியர்சல் ஸ்மித் 1925-ல் தன் புத்தகத்தில் எழுதினார். அப்போது பிராட்லி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அமெரிக்காவில் ஆர்தர் கென்னடி 1920-ல் இதே விஷயத்தை ஆராய்ந்தபோது வேறு பெயர்தான் வைத்திருந்தார். பிராட்லி சொன்ன பெயரே நின்றது.

850 சொல்லில் முழு மொழி

1930-ல் சி. கே. ஆக்டன் என்பவர் 'பேசிக் இங்கிலீஷ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். உலகம் முழுக்கக் கற்றுக்கொள்ள 850 சொற்கள் போதும் என்றார். அதில் வினைகள் வெறும் 18. கம், கோ, கெட், கிவ், புட், டேக், கீப், லெட் போன்றவை. இவற்றோடு திசைச் சொற்களைச் சேர்த்தால் மற்ற வினைகள் எதுவும் தேவையில்லை என்பது அவர் திட்டம். 'என்டர்' வேண்டாம், 'கோ இன்' போதும். 'இன்சர்ட்' வேண்டாம், 'புட் இன்' போதும். 1943-ல் சர்ச்சில் ஹார்வர்டில் பேசும்போது இதை ஆதரித்துப் பேசினார்.

மென்பொருள்காரன் கண்ணுக்கு இது ரொம்ப அழகான டிசைன். கொஞ்சம் இன்ஸ்ட்ரக்ஷன், கொஞ்சம் ஆபரண்ட், கூட்டினால் எல்லாம் வரும். ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. டாக்காவில் பல வருஷம் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் 1934-ல் சகாக்களோடு சேர்ந்து இதைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். 'புட்' தெரியும், 'அப்' தெரியும், 'வித்' தெரியும். மூன்றையும் சேர்த்தால் 'சகித்துக்கொள்' என்று வரும்னு யார் சொல்வது? தனித்தனியாக 850 சொல்தான், ஆனால் சேர்க்கைகளைக் கணக்கில் எடுத்தால் படிக்க வேண்டியது எத்தனையோ மடங்கு. லண்டனில் பிறந்தவருக்கு எளிமையாகத் தெரிவது, டாக்காவில் படிக்கிறவருக்குச் சுமை. நமக்கும்தான். நாம் பள்ளியில் படித்தது பெரும்பாலும் லத்தீன் பக்கத்து எழுத்து ஆங்கிலம். 'டாலரேட்' எழுதிவிடுவோம், 'புட் அப் வித்' காதில் விழுந்தால் தடுமாறுவோம்.

'ப்ரிபோன்' என்ற இந்தியச் சொல்லும் இதில்தான் வருகிறது. 'போஸ்ட்போன்' தெரியும், அதற்கு எதிர்ச்சொல் வேண்டும். பிரிட்டிஷ்காரர் 'பிரிங் ஃபார்வர்ட்' என்பார், அமெரிக்கர் 'மூவ் அப்' என்பார். அந்த வால்கள் நம்மிடம் வந்து சேரவில்லை. அதனால் லத்தீன் முறையிலேயே தலை ஒட்டி ஒன்று செய்துகொண்டோம். இதைத் தப்பு என்று சிரிப்பதைவிட, இருக்கிற பாகங்களை வைத்து ஒழுங்காகக் கட்டிய சொல் என்றுதான் சொல்வேன்.

குகைக்குள் போன பாட்டில்

ஏன் நமக்கு வால் இவ்வளவு வழுக்குகிறது? அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் டால்மி இதற்கு ஒரு நல்ல விளக்கம் தந்தார். ஒரு பாட்டில் தண்ணீரில் மிதந்தபடியே குகைக்குள் போகிறது. ஆங்கிலம் 'மிதந்தது' என்பதை வினையாக்கி, 'உள்ளே' என்பதை வாலில் வைக்கும். ஸ்பானிஷ் 'நுழைந்தது' என்பதை வினையாக்கி, 'மிதந்தபடி' என்பதைக் கடைசியில் ஓரமாக வைக்கும். எப்படிப் போனது என்பது ஆங்கிலத்துக்கு முக்கிய வினை, எங்கே போனது என்பது ஸ்பானிஷுக்கு முக்கிய வினை. உலக மொழிகள் பலவற்றை இந்த இரண்டு கூடைக்குள் போடலாம் என்றார்.

தமிழில் சொல்லிப் பாருங்கள். 'பாட்டில் மிதந்து மிதந்து குகைக்குள்ள போச்சு.' மிதப்பது வினையெச்சம், போவது முற்று. 'ஓடி வந்தான்', 'நடந்து போனாள்', 'பறந்து போச்சு', 'குதிச்சு இறங்கினான்.' முறையை எச்சத்தில் வைக்கிறோம், போக்கை முற்றில் வைக்கிறோம். 'வெளியே ஓடினான்' என்று ஆங்கிலம் மாதிரியும் சொல்ல முடியும்தான். ஆனால் பேச்சில் மனம் போகிற வழி 'ஓடிப் போனான்.'

இதில் ஏறு, இறங்கு என்ற ஜோடியைப் பாருங்கள். மரம், மாடி, பஸ், கார், படகு, கிணறு எல்லாத்துக்கும் நமக்கு இந்த இரண்டே போதும். ஆங்கிலத்தில் காரென்றால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. பஸ், ரயில், கப்பல், குதிரை என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. மரமென்றால் 'கிளைம்ப் அப்', 'கம் டவுன்'. நம்ம ஊரில் கண்டக்டரிடம் 'கெட் டவுன்' என்று சொல்வது 'இறங்கு' என்ற வினையின் படம் மனசில் இருப்பதால்தான். ஆங்கிலத்துக்குப் பஸ் என்பது மேலே ஏறி நிற்கிற தளம், கார் என்பது உள்ளே நுழைகிற பெட்டி. நமக்கு இரண்டுமே உயரம்.

'அப்', 'டவுன்' கூட எல்லா நேரமும் உயரத்தைச் சொல்வதில்லை. பிரிட்டிஷ் ரயில்வேயில் லண்டனை நோக்கிப் போவது 'அப்', விலகிப் போவது 'டவுன்'. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கப் போவது 'கோ அப்', துரத்தப்படுவது 'சென்ட் டவுன்'. மேடு பள்ளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெரியது சின்னது என்ற மதிப்புதான். நம்ம ரயில்வேயில் அப் லைன், டவுன் லைன் என்ற பேச்சும் அந்த வழியில் வந்ததுதான்.

அதே சமயம், நாம் குறை சொல்கிற இந்த வழுக்கல் தமிழிலும் இருக்கிறது. பால் 'கெட்டுப் போச்சு' என்கிறோம். பால் எங்கே போனது? ஆங்கிலம் 'கான் ஆஃப்' என்று சொல்லும்போதும் பால் எங்கேயும் போகவில்லை. இரண்டு மொழியும் போகுதல் வினையை எடுத்து, போகாத ஒன்றுக்குப் போட்டிருக்கின்றன. 'பயந்து போனான்', 'எழுதித் தள்ளினான்', 'சொல்லி வருகிறார்', 'சாப்பிட்டு விட்டேன்'. தமிழ் படிக்க வருகிற வெளியூர்க்காரருக்கு 'தள்ளினான்' தெரியும், 'எழுதி' தெரியும், சேர்த்தால் தலை சுற்றும். ஆங்கிலம் திசைச் சொல்லை எடுத்து அர்த்தத்தை நீட்டுகிறது. நாம் அசைவு வினையையே எடுத்துப் பின்னால் வைத்து நீட்டுகிறோம். அவர்கள் 'ஈட் அப்' சொல்கிற இடத்தில் நாம் 'சாப்பிட்டுடு' சொல்கிறோம்.

மறுபடியும் அந்தப் புதன்கிழமை

கடைசியாக ஒன்று. அமெரிக்க உளவியலாளர்கள் ஆங்கிலம் பேசுகிறவர்களிடமே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். அடுத்த புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் 'ஃபார்வர்ட்' நகர்த்திவிட்டார்கள், இப்போது எந்த நாள்? ஏறத்தாழ பாதிப் பேர் திங்கள் என்றார்கள், பாதிப் பேர் வெள்ளி என்றார்கள். லெரா பொரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்காரும் இதே கேள்வியை விமான நிலையத்துக்கு எடுத்துப் போனார்கள். 2002-ல் வெளியான அந்த ஆய்வில், விமானத்திலிருந்து அப்போதுதான் இறங்கியவர்கள், அழைத்துப் போக வந்து நின்றவர்களைவிட அதிகமாக வெள்ளி என்றார்கள். தான் நகர்ந்துகொண்டிருப்பதாக நினைக்கிறவருக்கு முன்னால் இருப்பது எதிர்காலம். காலம் தன்னை நோக்கி வருவதாக நினைக்கிறவருக்கு முன்னால் நகர்வது என்றால் தன் பக்கம் வருவது. நம்ம 'முன்' இதே கதைதான். 'முன்பு' என்றால் போன காலம், 'முன்னேறு' என்றால் வரப் போகிற காலம்.

அன்றைக்குச் சொன்னது 'ஃபார்வர்ட்' இல்லை, 'அப்'. அமெரிக்கர்களுக்கு அதில் பெரிதாகக் குழப்பம் இல்லை. ஒரு பட்டியலில் மேல் வரிசைக்கு ஏற்றினால் வேலை சீக்கிரம் வரும் என்று நான் இப்போது ஞாபகம் வைத்துக்கொள்கிறேன். ஆனால் நேரத்தை இடமாக மாற்றிச் சொல்கிற எந்தச் சொல்லும் இரண்டு பக்கமும் சாயக்கூடியது, தாய்மொழிக்காரருக்கே சாய்கிறது. அதை வைத்து ஒரு ஆளுக்கு 'இங்கிலீஷ் பத்தாது' என்று தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை.

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் புரிந்தது, ரிவ்யூவில் சொல்லியிருக்கணும், சொல்லலைன்னு. அவர் சிரித்துவிட்டு, "தெரியும் சார், நீங்கதானே அப்ரூவ் பண்ணீங்க" என்றார். அதுக்கு மேல எனக்குப் பேச்சு வரவில்லை. ரிவ்யூ நடத்தியவருக்கும் ஒரு மெயில் போட்டேன், மினிட்ஸ் பிழை என்னுடையதும்தான் என்று. இப்போது அவர் மறுபடி கால்களில் உட்காருகிறார்.

டீமில் ஒரு விதி மட்டும் கொண்டுவந்தோம். யார் என்ன வாலை ஒட்டிச் சொன்னாலும், கால் முடிவதற்குள் கிழமையும் தேதியும் கேட்டு வாங்கிவிட வேண்டும். அப்படிக் கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம். ஜான்சனே கஷ்டம்னு ஒத்துக்கொண்ட இடம் அது.

உங்களையும் இப்படி ஏதாவது ஒரு வால் கவிழ்த்திருந்தால் எழுதுங்கள். அடுத்து, 'விடு' என்ற ஒரே தமிழ் வினை எத்தனை வேலை பார்க்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்னு இருக்கிறேன்.